காப்பி மறுத்த மாப்பிள்ளை

"காப்பி வேணாங்க" என்று நான் சொன்ன அந்தக் கணம் இன்னும் என் காதில் கிடக்கிறது. கொடைரோட்டில் ஒரு வீட்டுக் கூடம். நானும் அம்மாவும் அத்தையும் பெண் பார்க்கப் போயிருந்தோம். எதிரே, ஆவி பறக்கும் டம்ளர்கள் வைத்த தட்டோடு பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண் நீட்டும் காப்பியை மறுத்தால் பெண்ணையே மறுத்ததாகப் பொருள். பிடிக்காதவர்கள்கூட மரியாதைக்கு அரை டம்ளர் குடித்துவிட்டு, வீட்டில் கலந்து சொல்கிறோம் என்று நைசாக நழுவிவிடுவார்கள். முகத்துக்கு நேரே மறுத்த மகான் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதிலும் அது காப்பித்தூள் கடைக்காரர் வீடு. பெண்ணின் அப்பா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்து, மலைத்தோட்டத்துக் கொட்டையைத் தானே வறுத்து, தானே அரைத்து விற்கிறவர்.

நான் ஏன் மறுத்தேன் என்றால், முகப்பரு. அப்போது நான் திண்டுக்கல்லில் மெடிக்கல் ரெப். நான் விற்றதே பருவுக்குப் போடும் களிம்புதான். முப்பதை நெருங்கியும் என் முகம் மட்டும் இன்னும் பதினோராம் வகுப்பைத் தாண்டவில்லை. நான் நீட்டும் விளம்பர அட்டையில் 'முன்', 'பின்' என்று இரண்டு முகங்கள் இருக்கும். டாக்டர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு மேசையைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்று பெண் வீடுகளில் என்னைப் பார்த்தபின் பதிலே வரவில்லை. நான்காவது வீட்டில், "பையனுக்கு அம்மை எறங்குனப்புறம் ஒருவாட்டி கூட்டிட்டு வாங்க" என்று தரகரிடம் சொல்லியிருந்தார்கள்.

ரெப் வேலையில் பாதி காத்திருப்பது. காத்திருக்கிற நேரமெல்லாம் காப்பி. நாளுக்கு ஏழெட்டு டம்ளர் உள்ளே போகும். செம்பட்டியில் எனக்கு முடி வெட்டுகிறவர்தான் ஒருநாள் கண்ணாடி வழியாக என்னை உற்றுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "சார், இம்புட்டுக் காப்பி குடிச்சா அந்தச் சூடு எங்குட்டுப் போகும்? மூஞ்சி வழியாத்தான் வெளிய வரும்." நான் வழக்கமாகப் போகும் தோல் டாக்டர் வேறு மாதிரி சொன்னார். காப்பியால்தான் பரு வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதில் கொட்டுகிற சர்க்கரையும் பாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஒழுங்காகத் தூங்கு, களிம்பை விடாமல் போடு என்றார். நான் நம்பியது முடி வெட்டுகிறவரை. நான் விற்கும் களிம்பையே சீட்டில் எழுதித் தருகிற டாக்டரை நான் எப்படி நம்புவது? நான் விற்கும் களிம்பை நானே ஒருநாளும் ஒழுங்காகப் போட்டதில்லை என்பது தனிக் கதை. ஆக, காப்பியை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. யார் டம்ளரை நீட்டினாலும் வாய் தானாக மறுக்கப் பழகியிருந்தது. அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் கொடைரோட்டிலும் என்னை முந்திக்கொண்டது.

பெண் தட்டோடு அப்படியே நின்றாள். உள்ளே வந்தபோது அவள் என் முகத்தை நேராகப் பார்த்திருந்தாள். மற்ற வீடுகளில் பெண்கள் ஒருமுறை பார்த்துவிட்டு என் சட்டைப் பொத்தானுக்கு இறங்கிவிடுவார்கள். இவள் இறங்கவில்லை. இந்தப் பெண் கிடைத்தால் போதும் என்று நான் முடிவு செய்த அரை நிமிடத்தில்தான் என் வாய் அந்த வேலையைச் செய்தது. அத்தை என் தொடையைத் திருகினாள். "ஏலே, என்னலே சொல்ற?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, பொண்ணு பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க. வருத்தமில்ல. காப்பி மேல ஏன் பழியப் போடுறீங்க?" அவர் குரலில் கோபம் இல்லை, அடிபட்ட வருத்தம் இருந்தது. மகளுக்காகவா தூளுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத வருத்தம்.

மானம் போனால் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "மூஞ்சில பரு இருக்குல்லங்க. காப்பிய விட்டா போயிரும்னு சொன்னாங்க. அதான்."

அப்போது பெண் வாயைத் திறந்தாள். "விட்டு எத்தன நாளாச்சு?"

"பத்து நாளுங்க."

"கொறஞ்சுச்சா?"

"இல்லங்க. ரெண்டு கூடியிருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன. அவள் அப்பா எழுந்து வந்து, என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கொட்டையில் சொத்தை பார்க்கிற கண்ணோடு ஒவ்வொரு பருவாகப் பார்த்தார். "இதுக்கும் என் காப்பிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று அறிவித்தார். "நீங்க அள்ளிப் போடுற சர்க்கரைக்கு இருக்கலாம்ப்பா" என்றாள் மகள். நான் ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தேன். நாக்கு வெந்தது. அது போதாதோ என்ற பயத்தில் அம்மாவின் டம்ளரையும் எடுத்தேன், அப்புறம் அத்தையினுடையதையும். "அப்பு, செத்த பொறுங்க" என்று பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு உங்களுக்குத்தான். காப்பி மத்தவங்களுக்கும் வேணும்ல?"

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் காப்பியை இரண்டாகக் குறைத்தேன், சர்க்கரையை விட்டேன், களிம்பை விடாமல் போட்டேன், தூங்கவும் செய்தேன். பரு மெல்ல அடங்கியது. எதனால் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் களிம்பு என்றார், மாமனார் தன் தூள் என்றார், மனைவி தன் கைராசி என்றாள். ஆனாலும் முகூர்த்தத்தன்று பதினொன்று மிச்சமிருந்தன.

ஆல்பம் வாங்க மாமனாரோடு ஸ்டுடியோவுக்குப் போனபோது, படத்தில் என் முகம் பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் துடைத்து எடுத்திருந்தார். எனக்கு உள்ளூரக் குஷி. மாமனார் மட்டும் படத்தைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"மாப்பிள்ளைதாங்க" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"நான் பொண்ணு குடுத்தது இந்த ஆளுக்கு இல்ல. என் வீட்டுக் கூடத்துல ஒளிக்காம உண்மையச் சொன்னாரு பாருங்க, அவருக்கு. அவரு மூஞ்சிய அப்படியே திருப்பிப் போட்டுக் குடுங்க." கொடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மாமனார் போய்ச்சேர்ந்து இரண்டு வருடமாகிறது. என் முகத்தில் இன்று ஒரு பருகூட இல்லை. தலையில் முடியும் அவ்வளவாக இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் இருக்கும் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் எல்லாவற்றையும் சரிசெய்யலாமே, கொடுத்தால் துடைத்துத் தருவார்களே என்கிறார்கள். என் மனைவி ஒத்துக்கொள்வதில்லை. "எங்கப்பா பாத்துப் பாத்துப் பொறுக்குனதுங்க. ஒண்ணு கூடக் கொறையக் கூடாது" என்கிறாள்.