கிழக்கே ஓடாத ஓடை

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். சவரம், வெந்நீர்க் குளியல், பால் இல்லாத தேநீர். ஆறரைக்கு ஜீப். வடக்கே ஒரு மலைப்பகுதியில், ஆறு இடங்களில் தற்காலிகமாக நிலநடுக்கமானிகளைப் புதைத்திருந்தோம். பேட்டரியைச் சோதித்து, சோலார் பலகையைத் துடைத்து, பதிவு அட்டையை மாற்றுவது என் வேலை. கூட வந்தவர் காரைக்கால்மேட்டுக்காரர், முன்பு படகில் மீன் பிடிக்கப் போனவர். எனக்கு நெடுங்காடு, அதே காரைக்கால் பக்கத்து வயல் ஊர். மலை ஏற இந்த இரண்டு பேர்தான் கிடைத்தார்கள்.

முந்தின நாள் தலைமை விஞ்ஞானி போனில் பேசியிருந்தார். ஒரு நடுக்கத்தின் அலை வடக்கிலிருந்து வந்ததாக ஐந்து நிலையங்கள் காட்ட, நான்காவது மட்டும் தெற்கைக் காட்டியதாம். கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார். திசையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்த அளவுக்கு மடையர்களை அவர் பார்த்ததில்லை போலும்.

ஜனவரியில் அதைப் பொருத்தியபோது கடும் மூடுபனி. கருவியின் தலையிலுள்ள அம்புக்குறி வடக்கைப் பார்க்க வேண்டும். திசைகாட்டி விடுதியில் கிடந்தது. கடலில் வழி தவறாதவனுக்கு அது எதற்கு என்றார் படகுக்காரர். பக்கத்தில் ஓர் ஓடை. எங்கள் ஊரில் அரசலாறு கிழக்கே போகிறது, நாட்டாறு கிழக்கே போகிறது, என் வயல் வாய்க்காலும் அப்படியே. ஆகவே இதுவும் கிழக்கே போகும். ஓடை போகும் பக்கம் பார்த்து நின்று, இடக்கைப் பக்கமாக அம்பைத் திருப்பினார். ‘திசை சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் நான் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். தேநீர் குடித்த நேரத்தைக்கூட நிமிடக் கணக்கில் எழுதி வைக்கிறவன் நான்.

முதல் மூன்றையும் வரிசைப்படி முடித்துவிட்டு நான்காவதுக்கு வரும்போது மணி நாலரை. வரிசையை மாற்ற மாட்டேன், அது என் ஒழுங்கு. அன்று நல்ல வெயில். ஓடை இறங்கிப் போகும் பக்கத்தில்தான் சூரியனும் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தோம். அப்படியானால் இடக்கைப் பக்கம் தெற்கு.

படகுக்காரர் குழி மூடியைத் திறந்து கருவியில் கை வைத்தார். “சத்தமில்லாம திருப்பி வச்சிருவோம்ணே. யாருக்குத் தெரியப்போவுது?”

“கைய எடு. திருப்பிட்டா இத்தன நாளா எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுன்னே தெரியாமப் போயிரும். ரெண்டு மாசப் பதிவும் குப்பதான்.”

எத்தனை டிகிரி தவறு என்று அளந்து சொன்னால் கணினியில் திருத்திக்கொள்வார்கள் என்றேன். ஆனால் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“எழுதுங்க,” என்றார். “கையெழுத்து ஒங்களோடதுதானே.”

அளப்பதற்குத் திசைகாட்டி வேண்டும். அது இன்னும் விடுதியில்தான், உறை பிரிக்காமல். குழியை மூடிவிட்டு இறங்கினோம்.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு, திசைகாட்டியின் முள்ளை இழுக்காதபடி மண்வெட்டியையும் என் கைக்கடிகாரத்தையும் தூரத்தில் வைத்துவிட்டு, கருவியை அசைக்காமல் மூன்று முறை அளந்தேன். வடக்கிலிருந்து நூற்று அறுபத்து மூன்று டிகிரி. அதை எழுதி, கீழே ‘ஜனவரியில் சரிபார்க்கவில்லை’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.