ஒரு தரம் மட்டும் கேட்கிற நாடு

கெல்லிவில்லில் இருக்கிற அண்ணாவின் வீடு இரண்டு மாடி. மேல் மாடிச் சுவர் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் நல்ல நிறம் என்கிறார்கள். கீழே, வாசலோடு ஒட்டியிருந்த படிப்பறைதான் என்னுடைய அறை. வீட்டைக் கட்டும்போது அந்த அறைக் கதவைச் சக்கர நாற்காலி போகிற அளவுக்கு அகலமாக்கச் சொன்ன அண்ணா, குசினிக் கதவை மறந்துவிட்டார். அதனால் அங்கே இருந்த காலம் முழுக்க நான் குசினி வாசல் வரைக்கும் போய், என்ன கறி என்று மணம் பிடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

சின்ன வயதிலிருந்தே என் தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன. இப்போது வாயும் கழுத்தும் வலக்கை விரல்களும் மட்டும் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன. வாயை நம்பித்தான் என் பிழைப்பு. ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் முறைப்பாடு கேட்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் உரிமைகளைப் பற்றி என்னிடம் நாள் முழுக்கச் சத்தம் போடுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்லுவேன்.

என்னுடைய உரிமைகள் காலையில், வேலை தொடங்குவதற்கு முன்னமே, முடிந்துவிடும். அம்மா என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இருத்தி, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, கண் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவார். நாற்பது தாண்டிய பிறகும் இந்த விடயத்தில் என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. நான் சொல்லாமலும் இல்லை. "அம்மா, இண்டைக்கு எண்ணெய் வேண்டாம்" என்பேன். எண்ணெய் அதற்குள் உச்சியில் இறங்கியிருக்கும்.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் மன்னார்ப் பக்கத்திலிருந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்த ஆட்கள். எங்கள் வீடுகளில் வேண்டாம் என்ற சொல்லை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டால் வேண்டாம் என்பார். இரண்டாம் தரமும் வேண்டாம் என்பார். மூன்றாம் தரம் கேட்டால்தான், சரி, கொஞ்சமாய்த் தாங்கோ என்பார். முதல் தரத்திலேயே ஓம் என்று சொல்கிற ஆளைப் பற்றி அவர் போன பிறகு கதைப்பார்கள். முதல் தரத்தோடு கேட்பதை நிறுத்துகிற வீட்டைப் பற்றி வழி நெடுகக் கதைப்பார்கள்.

பிளாக்டவுன் ஸ்டேஷனுக்குக் கிட்ட, என்னைப் போன்றவர்களுக்கென்று எல்லாக் கதவும் அகலமான சில ஃபிளாட்டுகள் கட்டினார்கள். அதில் ஒன்று எனக்குக் கிடைக்கலாம் என்று சொன்னார்கள். காலையும் மத்தியானமும் மாலையும் உதவிக்கு ஆள் வரும், எந்த ஆள் என்பதை நானே தெரிவு செய்யலாம். அதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தருவதற்கு முதல் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து எங்கள் நிலைமையைப் பார்ப்பார்.

எனக்கு அந்த ஃபிளாட் வேண்டியிருந்தது. அவ்வளவு ஆசையாக நான் வேறெதையும் கேட்டதில்லை. குசினிக்குள் போய் நிற்க வேண்டும். யாராவது கதவைத் தட்டினால் இப்போது முடியாது என்று உள்ளே இருந்து சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன்.

"நான் இருக்கேக்க உனக்கென்னத்துக்கு வெளியாக்கள்?" என்றார்.

"உங்களுக்கு இடுப்பு நோகுதெல்லோ அம்மா."

"ஆர் சொன்னது?"

அவர் நின்ற இடமெல்லாம் தைலம் மணத்தது.

அதிகாரி வருகிற நாளுக்கு அம்மா திருநாளுக்கு ஆயத்தம் செய்வதுபோல ஆயத்தம் செய்தார். என்னைத் தூக்குவதற்கென்று தந்திருந்த இயந்திரத்தை அம்மா கிரேன் என்றுதான் சொல்வார். அதை நம்பி அவர் என்னை ஒருநாளும் தூக்கியதில்லை, கையால்தான் தூக்குவார். அந்தக் கிரேனை கராஜுக்குத் தள்ளி, கட்டில் விரிப்பால் மூடினார். குளிக்க வார்க்கிற கதிரை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு என்னை நகர்த்துகிற வழுக்குப் பலகை, மருந்துப் பெட்டி எல்லாம் அதன் பின்னால் போயின. "ஆக்கள் வரேக்க இதுகள் கண்ணிலை படப்படாது" என்றார். எனக்குப் பட்டுச் சட்டை போட்டு, தோடு மாட்டி, பவுடரும் பூசினார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தால் நினைத்தவர் மேல் பிழையில்லை.

வந்தவர் இளம் பெண். கையில் மடிக்கணினியும் நல்ல சுபாவமும் இருந்தன. அம்மா ரோல்ஸும் பற்றீஸும் நிறைந்த தட்டை நீட்டினார். அவர் "நோ, தாங்க் யூ" என்றார். அம்மா இரண்டு ரோல்ஸை ஒரு சின்னத் தட்டில் எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார். அவர் மறுபடியும் "நோ, ரியலி" என்றார். அம்மா ஒரு பற்றீஸும் வைத்தார். அந்தப் பெண் சாப்பிட்டார், வேறு வழியில்லை.

பிறகு அவருடைய முறை. மகளைத் தூக்கி இறக்க உதவி ஏதும் தேவையா என்று அம்மாவிடம் கேட்டார்.

"நோ, நோ" என்றார் அம்மா.

அந்தப் பெண் அதைத் தட்டச்சு செய்துகொண்டார்.

உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டுமா என்று அடுத்ததாகக் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டு "நோ ப்ராப்ளம்" என்றார். அதையும் பதிந்துகொண்டார். அம்மாவுக்கு இடுப்பு வலி இருக்கிறது என்று நான் சொன்னேன். அம்மா எழும்பி, வெறும் தட்டை எடுத்துக்கொண்டு, இளம்பெண்ணைப்போல விறுவிறு என்று குசினிக்கு நடந்து காட்டினார். எனக்குத் தனியாக இருக்க ஆசை என்றும் சொன்னேன். குசினியிலிருந்து பதில் வந்தது, நான் சும்மா பகிடி விடுகிறேனாம்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. தாயின் பராமரிப்பு எல்லா வகையிலும் போதுமானதாக இருப்பதால் ஃபிளாட்டுக்கு அனுமதி இல்லை. வாசித்துக் காட்டினேன். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் கறுத்துப் போய்விட்டது.

"அவ ஒருக்காத்தானே கேட்டவ" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததில் பெரிய பயன் இல்லை. சோற்றை அவர்தான் தீத்த வேண்டும், நான் வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை எனக்கு இருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். நாள் முழுக்க முறைப்பாடு கேட்கிற நான் அன்று மற்றப் பக்கத்தில் இருந்தேன். உங்கள் ஏமாற்றம் எங்களுக்கு விளங்குகிறது என்று ஒரு குரல் சொன்னது. நான் ஆட்களுக்குச் சொல்கிற அதே வசனம். கேட்கிற பக்கத்தில் இருந்தால் அது எவ்வளவு எரிச்சலூட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பவும் வந்து பாருங்கள், ஆனால் காலையில், நான் கட்டிலை விட்டு எழும்புகிற நேரத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார்கள்.

அம்மாவுக்கு இது பெரிய மானக்கேடு. "முகம் கழுவ முதலோ ஆக்களைப் பாக்கிறது?" என்று நாலு பேருக்குச் சொல்லி ஆறினார். கிரேனை இந்த முறை கராஜுக்கு அனுப்ப நான் விடவில்லை. ரோல்ஸ் சுடக் கூடாது என்றும் சொன்னேன். ரோல்ஸ் விடயத்தில் தோற்றுப்போனேன்.

அதே பெண் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். என் தலை கலைந்திருந்தது, நைட்டி கசங்கியிருந்தது, வாய் ஓரத்தில் எச்சில் காய்ந்திருந்தது. அம்மா என் கையிடுக்குகளில் தன் கைகளைக் கொடுத்து வழக்கம்போலத் தூக்கினார். பாதியில் அவருடைய இடுப்பு பிடித்துவிட்டது. என்னைக் கீழே விடவில்லை. திரும்பக் கட்டிலில் சாய்த்துவிட்டுத்தான் தானும் என் காலடியில் இருந்தார். மூச்சை வெளியே விட்டால் சத்தம் கேட்டுவிடும் என்று வாயை இறுக்கிக்கொண்டார்.

அந்தப் பெண் முழந்தாளிட்டு, இதைத் தொடர்ந்து செய்ய உங்களால் முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"நோ ப்ராப்ளம்" என்றார் அம்மா.

அந்தப் பெண்ணுடைய விரல்கள் விசைப்பலகைக்குப் போயின.

"தயவுசெய்து இன்னொரு தரம் கேளுங்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று விளங்காவிட்டாலும் கேட்டார். அம்மா "நோ, நோ" என்றார், ஆனால் முதல் தரம் சொன்னதுபோல இல்லை.

"இன்னொரு தரம்" என்றேன். "எங்கள் ஆட்களிடம் மூன்று தரம் கேட்க வேண்டும். முதல் இரண்டும் கணக்கில்லை."

மூன்றாம் தரம் கேட்டார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஏலாது பிள்ளை" என்றார்.

அம்மாவால் முடியாதாம் என்று நான்தான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. முகத்தை மூடலாம் என்றால் கை எழும்பாது. நான் அழுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். என்னிடம் ஒரு தரம்தான் கேட்டார். ஃபிளாட் வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டேன். போகும்போது, யாரும் நீட்டாமலே தட்டிலிருந்து ஒரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.

ஃபிளாட் கிடைத்தது. உதவிக்கு ஆள் அனுப்பும் இடத்தில், எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வருகிற ஒரு தமிழ் அன்ரியை அனுப்பலாம், உங்களுக்கு வசதியாக இருக்கும் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் குளித்த செய்தி பூசைக்கு முன்னமே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஆள்தான் வேண்டும் என்றேன். ஒரு நேபாளப் பெண்ணைத் தெரிவு செய்தேன். அவள் எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள், எதையும் ஒரு தரம்தான் கேட்பாள். முதல் நாட்களில் பழக்க தோஷத்தில் தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மத்தியானம் வரை தொண்டை காயக் காத்திருந்தேன். பிறகு பழகிவிட்டது. நாற்காலியோடு குசினிக்குள் போய் நடுவில் நின்றேன். அங்கே செய்ய ஒன்றுமில்லை, சும்மா நின்றேன். தலைக்கு எண்ணெய் வைக்கவே இல்லை. முடியை அவிழ்த்து விட்டபடி வேலை செய்தேன், முறைப்பாடு சொல்பவர்களுக்கு அது தெரியப்போவதில்லை.

முதல் தரமாக அம்மா பூசை முடிந்து ரயிலில் வந்தார். கதிரை நுனியில், மடியில் கைப்பையோடு, தெரியாத வீட்டுக்கு வந்தவரைப்போல இருந்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ அம்மா?"

"வேண்டாம் பிள்ளை."

"சரி" என்றேன். இது என் வீடு, இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

அம்மா சுவரைப் பார்த்தார். கேத்திலடியில் நின்ற நேபாளப் பெண்ணைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்த வீட்டிலை ஒருக்காத்தான் கேப்பினமோ?"

"ஓம்."

மடியிலிருந்த கைப்பையை இறக்கிக் கீழே வைத்தார். "அப்ப ஒண்டு போடச் சொல்லு" என்றார். குடித்தார். என் கதவுகளின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். கட்டிலின் மேலே கூரையில் ஓடுகிற புதுக் கிரேனைப் பார்த்து, அது விழாதோ என்று கேட்டார். இப்போது இடுப்பு எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை, இரவில் நல்ல நித்திரை என்றார். அதைக் கேட்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ரயிலுக்கு நேரமாகிறது என்று எழும்பியவர், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கைப்பைக்குள் இருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்தார். என் முடியைத் தொடவில்லை. தொடாமல் கேட்டார். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

"தலைக்கு எண்ணெய் வைச்சு விடட்டோ?"

"வேண்டாம் அம்மா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது.

"சரி பிள்ளை" என்றார். போத்தலைத் திருப்பிக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார். "போட்டு வாறன்" என்று கதவுப் பக்கம் நடந்தார். அவர் கதவைத் திறக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா" என்றேன். "இன்னொருக்காக் கேளுங்கோ."

அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்டார்.