நாலாவது கிளாஸ்

சரியான பதில் நாக்கு நுனியில் நிற்கும்போது ஒரு மனிதர் ஏன் வாயைத் திறந்து தப்பான பதிலைச் சொல்ல வேண்டும்? இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்கு விளங்கவே இல்லை.

அவர் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் பாய்லர் பார்த்தவர். படுக்கை விரிப்புகளைத் துவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு நெருப்பு வேண்டும். உடைந்த பெட்டிப் பலகைகளை ஆணியோடு அள்ளிப் போட்டு, இருபத்தாறு வருஷம் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டார். ஹோட்டலில் எல்லாருக்கும் அவர் 'புகைபோக்கி'. அவர் லிஃப்டில் ஏறினால், படிக்கட்டு உடம்புக்கு நல்லது என்று சொல்லி மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். வீட்டில் மனைவி அவருடைய துண்டை மட்டும் தனிக் கொடியில் காயப்போட்டாள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வருஷம் அந்த நெருப்பு முன்னால் நின்றால் நுரையீரல் மிச்சமிருக்காது என்று சொல்லிவிட்டார். வேறு வேலைக்கு எங்கே போவது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் புகை ஒன்றுதான். எரிவது ஈரக் கட்டையா, காய்ந்த கட்டையா, சாயம் பூசியதா என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல்மாடி பாரில் வெந்நீர் வரவில்லை என்று குழாயைப் பார்க்கப் போனார். அங்கே விஸ்கியை ருசி பார்ப்பதற்கென்றே கூடும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். கிளாஸை மூக்கடியில் பிடித்து, இந்த வாசனை முழுக்கக் கடல்காற்றின் வேலை என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற புகைபோக்கி மூக்கை உறிஞ்சினார். "எங்கயோ ஈர மண்ணு எரியுது சார். விறகு இல்ல, மண்ணு."

எல்லாரும் சிரித்தார்கள். பார் மேனேஜர் மட்டும் பாட்டிலோடு வந்த தாளைப் பிரித்து உரக்கப் படித்தார். சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த மக்கிய மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்களாம். சிரிப்பு பல் டாக்டர் பக்கம் திரும்பியது. அவரும் சிரித்தார், பல் தெரியாமல்.

மேனேஜர் புகைபோக்கிக்கும் ஒரு வாய் ஊற்றினார். அவருக்குத் தெரிந்த குடியெல்லாம், எப்போதாவது மலிவு பிராந்தியை மூக்கைப் பிடித்துக்கொண்டு கவிழ்ப்பதுதான். மேனேஜர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, உடனே விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கச் சொன்னார்.

முதலில் ஆஸ்பத்திரிப் பஞ்சைக் கடித்த மாதிரி இருந்தது. துப்பிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் உப்புக் கரித்தது. உப்புக்குப் பின்னால் அணையப்போகும் கங்கு. கங்குக்கும் அடியில், பாத்திரத்தில் தீய்ந்த சர்க்கரை போல ஓர் இனிப்பு. விழுங்கிய பிறகும் அது முடியவில்லை. மூச்சு விட்டார், புகை மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. இன்னொரு மூச்சு, மறுபடியும் வந்தது. தன்னை மறந்து சிரித்துவிட்டார். எந்த வாடைக்காக இத்தனை வருஷம் எல்லாரும் அவரைக் கண்டு மூக்கைப் பொத்தினார்களோ, அதையே இங்கே கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு முறை குளித்தால்தான் அவருக்கு வீட்டில் சோறு. அன்றைக்கு ஒரு முறைதான் குளித்தார்.

அதன் பிறகு மேனேஜர் அவரை அடிக்கடி கூப்பிட்டனுப்பினார். ஒவ்வொரு தடவையும் ஒரு மூடி அளவு. மூன்று புகை விஸ்கிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். அந்தச் சமயத்தில் பார் ஸ்டோரில் ஓர் இடம் காலியானது. குளிர்ச்சியான அறை, நெருப்பே கிடையாது. மேனேஜர் முதலாளியிடம் பேசினார். விஸ்கி விஷயத்தில் விவரம் தெரிந்த பல் டாக்டர் சரி என்றால் தனக்கும் சரி என்றார் முதலாளி. பல் டாக்டர் மறுக்கவில்லை. ஒரு சின்னப் பரீட்சை, நாலே நாலு கிளாஸ், அவ்வளவுதான் என்றார்.

பரீட்சை நாளன்று காலையில் பல் டாக்டரின் டிரைவர் பாய்லர் பக்கம் வந்து, செடிக்குப் போட ஒரு பிடி சாம்பல் கேட்டான். புகைபோக்கி நல்ல சாம்பலாகப் பார்த்துச் சலித்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

மத்தியானம் முதல் மூன்று கிளாஸையும் தடுமாறாமல் சொன்னார். நாலாவதை மூக்கருகே கொண்டுபோனதும் கை நின்றது. பெட்டிப் பலகை. துரு ஏறிய ஆணி. சலவை சோப்பு. அடியில் மலிவு பிராந்தி. காலையில் அவரே சலித்துக் கொடுத்த சாம்பலின் தண்ணீர்.

நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு முகங்கள், நாலைந்து கைகளில் செல்போன். நடுவில் பல் டாக்டர், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு. புகைபோக்கி ஒரு வாய் குடித்தார்.

"இதுதான் எல்லாத்துலயும் உசத்தி சார்."

"உன் பாய்லர் சாம்பல்தான்யா அது," என்றார் பல் டாக்டர். "உனக்கு உசத்தியாத்தான் இருக்கும்."

மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பல் டாக்டர் கையமர்த்தினார். "பிடிச்சிருக்குல்ல? மிச்சம் வைக்காதே."

அவர் மிச்சம் வைக்கவில்லை.

ஸ்டோர் வேலை அந்த டிரைவரின் மச்சினனுக்குப் போனது. புகைபோக்கி என்ற பெயர் போய், உசத்தி விஸ்கியைச் சொல்லும் 'சிங்கிள் மால்ட்' என்று ஆனது. சலவைக்காரர்கள் சாம்பல் தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இது எத்தனை வருஷத்துச் சரக்கு என்று கேட்பார்கள். நெஞ்சைப் பார்த்த டாக்டர் எச்சரித்ததிலிருந்து எண்ணினால் மொத்தம் பதினோரு மாதம் அந்த நெருப்பு முன்னால் நின்றார். டாக்டர் சொன்ன கெடுவுக்கு ஒரு மாதம் பாக்கி இருக்கும்போதே படுத்துவிட்டார்.

மூக்கில் குழாயோடு கிடந்தபோது தங்கையிடம் மட்டும் நாலாவது கிளாஸின் உண்மையைச் சொன்னார். அந்தத் தங்கை என் அம்மா.

"தெரிஞ்சும் ஏண்ணே அப்படிச் சொன்னே?"

"உண்மையைச் சொன்னா அந்தப் பல் டாக்டருக்கு அசிங்கம். பொய் சொன்னா எனக்கு அசிங்கம். எனக்குத்தான் பழகிப்போச்சே. அவர் சந்தோஷப்பட்டா வேலை கிடைச்சிடும்னு நினைச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை குடித்த முதல் கிளாஸ் இருந்ததே, அதில் பொய்யே இல்லை என்றார். அடுத்த வாரம் போய்விட்டார்.

அவர் குடிப்பதைப் பிடித்த வீடியோ இன்னும் போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் ஒரு நாள் வரலாம். அனுப்பியவருக்கு இந்தக் கதையைத் திருப்பி அனுப்புங்கள். அவர் நாலு கிளாஸையும் சரியாகக் கண்டுபிடித்தார் என்பதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.