பொட்டு வைத்த பலகைகள்

கண்ணாயிரத்துக்குச் சுத்தம் என்றால் ஒரு வெறி. அரசு பஸ் டிரைவராக இருந்த காலத்தில் ஆயுத பூஜை அன்றைக்கு டிப்போவில் அவர் வண்டி மட்டும் தனியாக மின்னும். ஜன்னல் கம்பிகளைக்கூட சோப்புப் போட்டுத் தேய்த்து, மஞ்சள் பூசி, சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் ஏறுகிற மலைப்பாதையில் எந்த வளைவில் எந்தக் கல் துருத்திக்கொண்டு நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் ஞாபகத்தில் ஓட்டையே கிடையாது என்று ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

ரிட்டயர் ஆனதும் அந்த வெறியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மனைவி அம்சவள்ளி அடுக்கிய பாத்திரங்களைக் கலைத்து மறுபடி அடுக்குவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்சவள்ளி ஒருநாள் சொல்லிவிட்டார்.

"மல மேல தாவரத் தோட்டத்துல பெரியவங்களுக்கு செடி வளக்கறது சொல்லிக் குடுக்கறாங்களாம். போய் வாங்களேன். நானும் கொஞ்சம் மூச்சு வுட்டுக்கறேன்."

சனிக்கிழமை தவறாமல் போனார். சொல்லிக்கொடுத்த அருள்மொழிக்கு அவருடைய மகள் வயசு. பதியன் போடுவது, கவாத்து பண்ணுவது, உரக்குழி எடுப்பது என்று எதைச் சொன்னாலும் முதல் ஆளாக வந்து நின்றார். ஐப்பசியில் செங்காந்தள் தீ மாதிரி பூத்திருந்தபோது அருள்மொழி எல்லோரையும் அந்தப் பாத்தியருகே நிறுத்தி எச்சரித்தார். "பூவ நல்லா பாத்துக்கோங்க. செடி முழுக்க விஷம், கெழங்கு கொடிய விஷம். கண்வலிக்கிழங்குன்னு சொல்றது இதத்தான்." அடுத்த பாத்தியில் வள்ளிக்கிழங்கு. மார்கழி முடிவதற்குள் இரண்டு கொடிகளும் காய்ந்து மக்கிவிட்டன. வெறும் மண். எது எது என்று சொல்ல பாத்திக்கொரு பெயர்ப்பலகைதான் மிச்சம்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை கண்ணாயிரத்துக்குக் கை நமநமத்தது. மாட்டைக் குளிப்பாட்டுகிறோம், கலப்பையைக் கழுவுகிறோம், இத்தனை மாசமாகப் பாடம் சொன்ன பலகைகள் மட்டும் புழுதியோடு நிற்பதா? எல்லாவற்றையும் பிடுங்கிக் குழாயடியில் தேய்த்துக் கழுவினார். வரிசையாகச் சாத்தி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். கூடப் படித்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஞாபகத்திலிருந்தே திருப்பி நட்டார். டிரைவர் சார் வைத்தால் தப்பாக இருக்காது என்று யாரும் சரிபார்க்கவில்லை.

அருள்மொழிக்கும் சந்தோஷம். "பொங்கக் கொழம்புக்கு வள்ளிக்கெழங்கு கொஞ்சம் தோண்டி எடுத்துக்குங்க சார்" என்றார். தான் நட்ட பலகையைப் பார்த்துத்தான் கண்ணாயிரம் தோண்டினார்.

பொங்கலன்று காலையில் கிழங்கைக் கழுவி, முறத்தில் பரப்பி, போட்டோ எடுத்து, வகுப்பு வாட்ஸப் குரூப்பில் வாழ்த்தோடு போட்டார். அம்சவள்ளி அதை மொச்சை, அவரை, பூசணியோடு சேர்த்துக் குழம்பு வைத்தார். கண்ணாயிரத்துக்குக் கிழங்கு வாயு, தொடமாட்டார். சர்க்கரைப் பொங்கலோடு நிறுத்திக்கொண்டார்.

"லேசா கசக்குதுங்க" என்றார் அம்சவள்ளி.

"மலக் கெழங்குன்னா அப்டித்தான் இருக்கும், சாப்பிடு" என்றார், என்னவோ எல்லாம் தெரிந்த மாதிரி.

மத்தியானத்துக்கு மேல் அம்சவள்ளி வாந்தி எடுத்தார். நெய் ஜாஸ்தி என்று கண்ணாயிரம் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. அருள்மொழி பதறினார்.

"சார், குரூப்புல போட்டோவ இப்பத்தான் பாத்தேன். அந்தக் கெழங்க சாப்டாதீங்க. கலப்ப மாதிரி வளைஞ்சிருக்கே, அது வள்ளி இல்ல. கண்வலிக்கெழங்கு. யாராவது சாப்டாங்களா சார்? சார்?"

கொல்லையில் மனைவி ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அடுப்படியில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு கிண்ணம் குழம்பு தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. அதை அப்படியே எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆட்டோவில் போகும்போது சொன்னார். "பலகைய மாத்தி நட்டுட்டேன் வள்ளி. நான்தான்." அம்சவள்ளி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வாந்தி நின்றது. அம்சவள்ளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். கண்ணாயிரம் வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கும்பிடு போட்டார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த விஷம் அப்டித்தாங்க, வுட்ட மாதிரி காட்டும்" என்றார். அதற்கடுத்த நாள் ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சு திணறி, அம்சவள்ளியைத் தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆயுசு முழுக்கச் சனங்களைப் பத்திரமாக மலை ஏற்றி இறக்கிய மனுஷன், பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே விஷத்தைத் தோண்டிக் கொடுத்தோமே என்று வராந்தாச் சுவரில் முட்டிக்கொண்டார். அருள்மொழியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பலகையைச் சரிபார்க்காதது தன் தப்பு என்றார்.

அம்சவள்ளி பிழைத்தார். எப்படி என்று டாக்டருக்கே ஆச்சரியம். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்து, நடமாடத் தொடங்கி, கண்டம் தாண்டியது என்று கண்ணாயிரம் நம்ப ஆரம்பித்த ஒரு காலையில் உள்ளேயிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே தொங்குகிற அந்தக் கூந்தல் பாதி சீப்போடு மடியில் கிடந்தது. இழுக்கக்கூட வேண்டாம், கை வைத்தாலே கொத்துக் கொத்தாக வந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: முடி கொட்டும், திரும்ப வளரும் என்று. அப்போது அது கண்ணாயிரத்தின் காதில் ஏறவில்லை. இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்சவள்ளி மடியில் கிடந்ததைப் பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இன்னா அப்டியே நின்னுக்கினு இருக்கீங்க? வளக்கறதுக்குத்தான கிளாசுக்குப் போனீங்க. இதையும் வளத்துக் குடுங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அழாத கண்ணாயிரம், அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.