அலையோரம் வைத்த பை

தரங்கம்பாடிக் கடற்கரையில் என் பையை மீனவர் ஒருவர் திருடிவிட்டார் என்றே நம்பினேன்.

மோகனூர்க்காரன் நான், காவிரியில் குளித்தால் பையைத் தண்ணீரோரம்தான் வைப்பேன். அங்கேயும் கார் சாவியோடு பையை அப்படியே வைத்துவிட்டு, மனைவியோடு கரையோரம் நடந்தேன். திரும்பி வந்தால் பை இல்லை. சாவி இல்லாமல் ஊர் போவது எப்படி?

பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"திருட்டு முழி. நீயே கேளு புள்ள" என்று மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஊட்டுல என்னை மிரட்டுற வாய் எங்கீங்க போயிருச்சு?" என்றாள் அவள்.

அதற்குள் அவரே கூப்பிட்டார். "உங்க பைதானே சார்? படகுல மாட்டியிருக்கேன்."

இப்போதெல்லாம் கடற்கரையில் பை என் தோளைவிட்டு இறங்காது. அன்று அலை இழுத்துப்போன பையை, அவர்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வைத்திருந்தார்.