கிராஞ்சிச் சேற்றில் வெள்ளைச் சட்டை

கொடுவா மீனை நான் வாயில் வைப்பதில்லை. கேட்பவர்களிடம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் அது அருவருப்பு. அறுபதுகளின் தொடக்கத்தில், கிராஞ்சிச் சதுப்பில், அடைமழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பட்ட அருவருப்பு.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வடக்கே கடற்படைத் தளத்தில் அவருக்கு மின்சார வேலை. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த எங்கள் மாடி வீட்டுக்குத் தன் வீட்டாரோடு வந்தார், பஜ்ஜியை ஒரு கை பார்த்தார், பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மீன் பிடிக்க வரீங்களா? ஞாயித்துக்கிழமை கயாக்ல போவோம்லா."

ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் வாங்கிய பழைய கயாக்காம், ஒடுக்கமான துடுப்புப் படகு, இரண்டு பேர் உட்காரலாமாம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. விரலில் மை பட்டாலே சோப்பைத் தேடுகிற ஆள். முடியாது என்று நான் வாயெடுப்பதற்குள் அப்பா, "தாராளமா வருவான்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையாக வரப்போகிறவர் ஒன்று கேட்டு இல்லையென்று சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அவர்கள் படியிறங்கியதும் அக்கா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். திங்கட்கிழமை அவர்கள் வெற்றிலை பாக்கு மாற்ற வருவதாக ஏற்பாடு. அதற்குள் பிடிக்கவில்லையென்றால் சொல்லிவிடு என்று அப்பா அவளுக்குப் பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்திருந்தார். ஆனால் மாப்பிள்ளையோடு பேசக்கூடாது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்ததே அரை நிமிஷம் இருக்கும்.

"நாள் பூரா கூட இருக்கப் போற. பார்த்துட்டு வந்து உள்ளதைச் சொல்லுடா. நீ சொல்றதை வச்சுத்தான் நான் அப்பாகிட்ட சரியா இல்லையான்னு சொல்வேன்" என்றாள். பள்ளிக்கூட ஆசிரியை; மிரட்டுகிற மாதிரிதான் கெஞ்சுவாள்.

மாப்பிள்ளை வீட்டாரோடு முதல்முறையாக வெளியே போகிறேன் என்று அம்மா தூக்குச் சட்டி நிறையக் கேசரி கிண்டிக் கொடுத்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கென்று வைத்திருந்த கால்சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, இதற்குக் குறைந்து போகக்கூடாது என்று அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கையில் குடை வேறு. மீன் பிடிக்கப் போகிறவனைத் தாம்பூலத் தட்டு தூக்கப் போகிறவனைப் போல ஜோடித்து அனுப்பிய குடும்பம் இந்தத் தீவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். கிராஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாப்பிள்ளை பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

கயாக்கில் ஏறிச் சதுப்புக்குள் துடுப்புப் போட்டபோது டிசம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆற்றின் மேல்பக்கம் முழுக்கப் பன்றிப் பண்ணைகள். மழை அங்கே கழுவியதையெல்லாம் சதுப்புக்குள் கொண்டுவந்து சேர்த்தது. கண்டல் மரங்களின் வேர்களில் என்னென்னவோ தொங்கின. தூண்டிலுக்கென்று முந்தின நாளே வாங்கிய இறால் ஒரு பிஸ்கட் டின்னில் செத்து ஊறிக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் அதில் கையை விட்டுத் துழாவி இறாலைக் கொக்கியில் குத்தினார், தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தார், கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். அதே கையால் தூக்குச் சட்டியைத் திறந்து கேசரியை அள்ளினார்.

"அம்மா கை பிரமாதம்லா. நீங்க சாப்பிடலையா தம்பி?"

எனக்கு வேண்டாம் என்றேன். இந்த மனுஷனோடு என் அக்கா ஒரே தட்டில் சாப்பிடுவாளா? அங்கேயே தீர்மானித்துவிட்டேன். ஆகாது.

நடுப்பகலுக்குமேல் ஒரு கொடுவா மாட்டியது. கை நீளம். இழுத்த வேகத்தில் அது நேராக என் மடியில் வந்து விழுந்து வாலால் அடித்தது. வழவழப்பும் ரத்தமும் செதிலும் சட்டையெல்லாம் அப்பின. அவர் சந்தோஷத்தில் கத்தினார். நான் வேறு காரணத்துக்காகக் கத்தினேன்.

அந்த மீன் மயக்கத்தில் கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றுவதை அவர் கவனிக்கவில்லை. கயாக் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினால்தான் உண்டு. எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கூழாகச் சேறு. அதன்மேல் வயிறு ஊதிச் செத்த பன்றிக்குட்டி ஒன்று. என் சப்பாத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க தம்பி. சட்டை அழுக்காயிடும்."

சொல்லிவிட்டு இறங்கினார். இடுப்புவரை போனார். ஒரு மணி நேரமாவது தள்ளியிருப்பார். கிளிஞ்சல் காலைக் கிழித்தபோது மட்டும் ஒருமுறை "அம்மா" என்றார். நான் கேசரிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு குடையை விரித்து உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு அவர்மேல் நன்றி வரவில்லை. அவர் மூச்சுவிடும்போது அடித்த இறால் நாற்றம்தான் வந்தது.

சாயங்காலம், அவர் கொடுத்தனுப்பிய மீனோடு அடுப்படியில் போய் நின்றேன். அக்கா வாய் திறக்கும் முன்பே கொட்டித் தீர்த்தேன். இறால், பல், தொடை, கேசரி, பன்றிக்குட்டி. "நாத்தம் பிடிச்ச ஆளு, அக்கா. வேணாம்."

அவள் முகம் வாடிவிட்டது. ஆசைப்பட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எப்படித் திரும்பி வந்தீங்க?" என்றாள் மெதுவாக.

"சேத்துல மாட்டிக்கிச்சு. தள்ளிட்டு வந்தோம்."

"யார் தள்ளினது?"

"அவர்தான்."

"நீ?"

"குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சட்டை அழுக்காயிடும், உக்காருங்கன்னு அவரே சொன்னாருக்கா."

அக்கா என் சட்டையைப் பார்த்தாள். கழுத்துப்பட்டையிலிருந்து இடுப்புவரை மீன் ரத்தம். வெள்ளையாக ஓர் இடம்கூட இல்லை. அவள் என் கையிலிருந்த மீனை வாங்கி அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பாகிட்ட சரின்னு நானே சொல்லிக்கிறேன். நீ போய்க் குளி. உன்னைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பா இருக்கு."