யூனிட் விட்டால் இரண்டு குத்து

டியூஷன் சென்டரில் முதல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. செல்வின் வேலை பார்த்த சாலைத் தெரு இரும்புக் கடையின் முதலாளி, அண்ணாச்சி. "சார், நம்ம செல்வின் போயிட்டான். பைப்பால பிடரியில அடிச்சிட்டானுவ." கையிலிருந்த டஸ்டரைச் சுவரில் வீசி எறிந்தேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

அவனை அறிந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாது, அமைதியானவர் என்றெல்லாம் ஃபிளெக்ஸ் அடிக்காதீர்கள். அவன் அடிதடிக்காரன். என் முன்பல்லைக் கொடிக்கம்பால் பெயர்த்தவன். பி.எஸ்ஸி. இயற்பியல் முதல் வருடம், கல்லூரி வாசலில் இரண்டு கட்சி மாணவர்களும் மோதிக்கொண்ட அன்று நான் எதிர்ப்பக்கம். வாய் நிறைய ரத்தத்தோடு அவன் காதைக் கடித்தேன். அந்தத் தழும்பு அவனுக்குக் கடைசிவரை இருந்தது. இருவரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். இருவரும் மெக்கானிக்ஸில் தோற்றோம்.

சப்ளி எழுத மனு கொடுக்கும் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றான். "லேய், உனக்கும் மெக்கானிக்ஸா? ஞாயித்துக்கிழமை கடைக்கு வா, ஒண்ணாப் படிப்போம்." அப்போதே அவன் அண்ணாச்சி கடையில் வேலை செய்துகொண்டுதான் படித்தான். பைப்புக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்ததும் சட்டம் போட்டான். ஒருவன் புத்தகத்தைப் பிடிக்க, மற்றவன் பார்க்காமல் எழுத வேண்டும். "சைன் மாறினா ஒரு குத்து. யூனிட் விட்டா ரெண்டு குத்து, கேட்டியா?" முதுகில்தான், ஓங்கிக் குத்துவான். வாங்கியது பெரும்பாலும் நான். அவனுக்குக் குத்து விழுவதே அபூர்வம், அது எனக்கு வயிற்றெரிச்சல்.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வன்று அவன் இருட்டறையில் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் இருந்தான். அடுத்த பேட்சுக்காக நான் வராந்தாவில். பழைய பகையில் நான்கு பேர் என்னைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. செல்வின் ஸ்டூலோடு வெளியே வந்தான். ஒருவனுக்குத் தாடை போயிற்று, இன்னொருவனுக்குக் கை. என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "ரீடிங் எடுத்தியாடா?" என்று கேட்டேன். "ஒரு வெர்னியர் எடுத்தேன். ரெண்டாவது எடுக்கப் போவும்போதான் உன் கூப்பாடு கேட்டுது, சவமே!"

கல்லூரி அவனை வெளியேற்றியது. கேஸ் வருடக்கணக்கில் இழுத்தது. நான் பிறகு எழுதித் தேறினேன். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் இன்றுவரை சோறு தின்கிறேன். அவன் பைப்பு தூக்கினான். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இருபது வருடம் கழித்து, பழைய மாணவர்களுக்குக் கடைசியாக ஒருமுறை தரும் மெர்சி சான்ஸ் தேர்வு இந்த வருடம் வந்தது. நான்தான் விண்ணப்பத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். "பரீட்சை முடியற வரைக்கும் கையை ஓங்கக் கூடாது. இன்னொரு கேஸ் வந்தா இதுவும் போச்சு. என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றேன். பளாரென்று அடித்தே சத்தியம் செய்தான், படுபாவி.

போன ஞாயிறு, பழையபடி கடையில் உட்கார்ந்து படித்தபோது, அவன் ஒரு பிழையும் விடவில்லை. யங்ஸ் மாடுலஸ் எழுதி யூனிட்டை விட்டது நான். "இருவது வருசமா டியூசன் எடுக்கியே, யூனிட் எங்கலே?" இரண்டு குத்து விழுந்தது. மூச்சே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை கடை வாசலில் இரண்டு பேர் பைப்போடு அடித்துக்கொண்டார்கள். செல்வின் நடுவில் போய் நின்றான். அண்ணாச்சி அழுதுகொண்டே சொன்னார்: "அவன் நெனச்சா ரெண்டு பேரையும் தூக்கி எறிஞ்சிருப்பான் சார். கையப் பின்னால கட்டிக்கிட்டு, 'எனக்குப் பரீச்சை இருக்குடே, அடங்குங்கடே'ன்னு கெஞ்சினான்." அப்போதுதான் பின்னாலிருந்து அடி விழுந்திருக்கிறது.

அடித்தவனைக் கொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அந்தக் கையைக் கட்டிப்போட்டவன் நான். அந்தச் சத்தியத்தை நான் வாங்காமல் இருந்திருந்தால் இன்று அவன் லாக்கப்பில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பான்.

பல் போன இடம் என்னோடு இருக்கும். இத்தனை வருடமாக நான் அதைக் கட்டிக்கொள்ளவில்லை. அவன் கடைசியாகக் குத்திய இடம் மட்டும் கன்றி, இப்போது மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. தைலம் தடவ வந்த மனைவியிடம், தொடாதே என்று சொல்லிவிட்டேன்.